கணக்கு பெண் பெயரில், பணம் யார் கையில்? வளரும் நாடுகளில் பெண்களும் நிதிச் சேவைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே உள்ள இடைவெளி எவ்வளவு?

இதற்கு எல்லோரும் கையில் எடுப்பது உலக வங்கியின் குளோபல் ஃபின்டெக்ஸ் கணக்கெடுப்பு. 2011இல் தொடங்கியது; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது; 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் கேட்கிறது. வளரும் நாடுகளில் வங்கியிலோ, ஃபோன் எண்ணையே கணக்காக்கும் மொபைல் பணச் சேவையிலோ கணக்கு வைத்திருக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான வித்தியாசம் 2011, 2014, 2017 ஆகிய மூன்று சுற்றுகளிலும் 9 சதவீதப் புள்ளியிலேயே நின்றது. 2021இல்தான் 6 ஆனது: ஆண்களில் 74 சதவீதம், பெண்களில் 68 சதவீதம். அந்த ஆண்டில் உலகில் கணக்கே இல்லாத 140 கோடிப் பேரில் சுமார் 74 கோடிப் பேர் பெண்கள்.

இந்தச் சராசரிக்குள் நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. 2021இல் பாகிஸ்தானில் ஆண்கள் 28, பெண்கள் 13. நைஜீரியாவில் 55, 35. இந்தியாவில் இருவரும் ஏறக்குறைய சமம். இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் 2017 கணக்கெடுப்பில் பெண்களே முன்னால் இருந்தார்கள். வறுமை கூடினால் இடைவெளியும் கூடும் என்ற எளிய விதி இங்கே பொருந்தாது.

புள்ளி, சதவீதம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. அறிக்கைகளைப் படிக்கும்போது அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். புள்ளி என்பது ஒரு சதவீதத்திலிருந்து இன்னொரு சதவீதத்தைக் கழித்தால் வருவது: பாகிஸ்தானில் 28க்கும் 13க்கும் வித்தியாசம் 15 புள்ளி. வங்கதேசத்தில் அதே ஆண்டு ஆண்கள் 63, பெண்கள் 43. வித்தியாசம் 20 புள்ளி. புள்ளியை மட்டும் பார்த்தால் வங்கதேசம் மோசம். கணக்கு வைத்திருக்கும் விகிதத்தை வகுத்துப் பாருங்கள்: ஆண்களின் விகிதத்தை 100 என்று வைத்தால் பெண்களுடையது வங்கதேசத்தில் 68, பாகிஸ்தானில் 46. படம் தலைகீழாகிறது. மொத்த விகிதமே தாழ்ந்திருக்கும் நாட்டில் புள்ளி வித்தியாசம் சிறியதாகத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒன்றை மட்டும் தரும் அறிக்கையைச் சந்தேகத்தோடு படிக்கலாம்.

எல்லாப் பெண்களுக்கும் கணக்கு திறந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

இந்தியாவைப் பாருங்கள். 2011இல் கணக்கு வைத்திருந்த பெண்கள் 26 சதவீதம், ஆண்கள் 44. 2014 ஆகஸ்ட் 28 அன்று பிரதம மந்திரி ஜன் தன் திட்டம் தொடங்கியது. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை, ரூபே கார்டு உண்டு. 2017இல் பெண்கள் 77, ஆண்கள் 83. 2021இல் இடைவெளியே இல்லை. பத்தே ஆண்டில் இது பெரிய வேலை, குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அதே 2021 கணக்கெடுப்பில், ஓராண்டாகப் பணம் போடவும் இல்லை எடுக்கவும் இல்லை என்ற நிலையில் கிடந்தவை கணக்குள்ள பெண்களிடம் 42 சதவீதம், ஆண்களிடம் 30 சதவீதம். திறப்பதில் மூடிய இடைவெளி பயன்பாட்டில் மறுபடி எட்டிப் பார்க்கிறது.

கணக்கு எண்ணிக்கையைத் தாண்டிப் பார்க்க, களத்தில் கேட்க வேண்டியவை நான்கு. கடந்த 90 நாளில் அவரே முடிவெடுத்துச் செய்த பரிமாற்றம் ஏதாவது உண்டா? கார்டும் ஃபோனும் யாரிடம் இருக்கின்றன? பின் நம்பர் அவருக்குத் தெரியுமா, வேறு யாருக்கெல்லாம் தெரியும்? யாரையும் கேட்காமல் இருப்பு எவ்வளவு என்று அவரால் தெரிந்துகொள்ள முடியுமா? நான்காவது கேள்வி சாதாரணமாகத் தெரியும். நிலைமையை அதிகம் காட்டிக்கொடுப்பதும் அதுதான். வங்கியின் தரவிலும் ஒரு தடயம் உண்டு: உதவித்தொகை வந்த அன்றோ மறுநாளோ மொத்தமும் ஒரே தடவையில் எடுக்கப்பட்டு, அடுத்த தொகை வரும்வரை கணக்கு வெறுமையாகக் கிடக்கும். அது சேமிப்புக் கணக்கு அல்ல, வெறும் பட்டுவாடா சாளரம்.

பெண்கள் ஏன் கணக்கு திறப்பதில்லை? அவர்களே என்ன சொல்கிறார்கள்?

"போட்டு வைக்கப் பணம் இல்லை" என்பது முதலில் வரும் பதில். அதற்குப் பின்னால் கட்டணம், தூரம், ஆவணம் இல்லாமை, "வீட்டில் இன்னொருவருக்குக் கணக்கு இருக்கிறது" ஆகியவை. பதில்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பணம் இல்லை என்பவரே மாதாமாதம் சீட்டுக் கட்டிக்கொண்டிருப்பார், அரிசிப் பானைக்குள் கொஞ்சம் ஒளித்தும் வைத்திருப்பார். அவர் சொல்ல வருவது, வங்கிக்குப் போகிற அளவுக்குப் பெரிய தொகை ஒரே நேரத்தில் கையில் சேர்வதில்லை என்பது. தூரமும் அப்படியே. கிளை எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, போய்வர அரை நாள் ஆகும், குழந்தையை யாரிடம் விடுவது, தனியாகப் போகலாமா என்பவைதான் அதற்குள் இருக்கும் கேள்விகள்.

சட்டமே தடையாக இருக்கும் நாடுகள் உண்டா?

உண்டு. காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2016இல் குடும்பச் சட்டம் திருத்தப்படும்வரை, மணமான பெண் வங்கிக் கணக்கு திறக்கக் கணவரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. இதை ஏழை நாடுகளின் தனிக்குணம் என்று நினைக்க வேண்டாம்: பிரான்சிலேயே 1965இல்தான் மனைவி கணவரைக் கேட்காமல் கணக்கு திறக்க முடிந்தது.

சட்டம் மாறிய பிறகும் பழைய விண்ணப்பப் படிவம் மாறாமல் இருக்கும். "கணவர் அல்லது தந்தை பெயர்" என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டால் மென்பொருள் அடுத்த பக்கத்துக்குப் போகாது. கவுண்டரில் இருப்பவரும் வழக்கம்போல "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்பார். சட்டத் திருத்தத்தோடு படிவத்தையும் கணினியில் உள்ள கட்டாயக் கட்டங்களையும் மாற்றாவிட்டால் திருத்தம் அரசிதழோடு நின்றுவிடும். சொத்துரிமை, வாரிசுரிமைச் சட்டங்களும் மறைமுகமாக இதே வேலையைச் செய்கின்றன. கடன் பற்றிய கேள்வியில் அதைப் பார்க்கலாம்.

அடையாள ஆவணம் எவ்வளவு பெரிய தடை?

குறைந்த வருமான நாடுகளில் மிகப் பெரியது. உலக வங்கி 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அந்த நாடுகளில் 45 சதவீதத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் அடிப்படை அடையாள ஆவணம் இல்லை. ஆண்களில் அது 30 சதவீதம்.

ஆவணம் இருப்பவர்களுக்கு வரும் சிக்கல் வேறு: பெயர். திருமணத்துக்கு முன் எடுத்த அட்டையில் தந்தை பெயர், பிறகு எடுத்ததில் கணவர் பெயர், சிம் வாங்கும்போது கடைக்காரர் கேட்டு எழுதிய எழுத்து மூன்றாவது. ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கணினி பொருத்திப் பார்க்கும்போது தோற்றுப்போகும். சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் அடிப்படை அடையாள அட்டையில் பெயரும் பிறந்த தேதியும் சரியாகட்டும். அடுத்து சிம் பதிவு. கடைசியாக வங்கிக் கணக்கும் உதவித்தொகைப் பட்டியலும். வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டிவரும். முகவரிச் சான்று இன்னொரு வேலி: வாடகை ஒப்பந்தமும் மின் ரசீதும் பெரும்பாலும் ஆண் பெயரில்தான் இருக்கும். குறைந்த இருப்பு, குறைந்த பரிமாற்ற வரம்பு கொண்ட கணக்குகளுக்கு ஒரே ஆவணம் போதும் என்று விதியைத் தளர்த்திய நாடுகளில் இந்த வேலி கணிசமாகத் தாழ்ந்திருக்கிறது.

மொபைல் பணம் இதையெல்லாம் தாண்டிவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. கென்யாவில் 2007இல் வந்த எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவையைப் பற்றிப் பொருளாதார ஆய்வாளர்கள் டவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, அது சுமார் 1,94,000 குடும்பங்களைக் கடும் வறுமையிலிருந்து மேலே கொண்டுவந்ததாகவும், சுமார் 1,85,000 பெண்கள் விவசாயத்திலிருந்து சிறு வியாபாரத்துக்கு மாற வழிவகுத்ததாகவும் மதிப்பிட்டது. பெண் தலைமையில் இயங்கும் குடும்பங்களில் பலன் கூடுதலாக இருந்தது.

மறுபாதி, ஃபோன் யாருடையது என்பது. மொபைல் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2023ஆம் ஆண்டுக்குக் கணித்தபடி, குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் மொபைல் இணையத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு பெண்களுக்கு ஆண்களைவிட 15 சதவீதம் குறைவு. தெற்காசியாவில் 31 சதவீதம். சேவையை ஸ்மார்ட்ஃபோன் செயலியாக மட்டும் கொடுத்தால் இந்த இடைவெளி அப்படியே நிதிச் சேவைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நட்சத்திரக் குறியும் எண்களும் அழுத்திச் சாதாரண பட்டன் ஃபோனிலும் இயக்கக்கூடிய யுஎஸ்எஸ்டி வழியைக் கடைசிவரை விட்டுவைப்பது அதனால்தான் அவசியம்.

ஒரு பெண் மொபைல் பணக் கணக்கைத் தன் கட்டுப்பாட்டில் வைக்க என்ன செய்ய வேண்டும்?

சிம் அவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். ஃபோன் பொதுவாக இருந்தாலும் சிம் தனியாக இருக்கலாம். தேவைப்படும்போது மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கணவர் பெயரில் உள்ள சிம்மில் கணக்கு திறந்தால், பின் நம்பர் மறந்த அன்று மீட்டெடுக்கும் உரிமை அவருக்குத்தான்.

கணக்கு திறக்கும்போது முகவரே, அதாவது நிறுவனத்தின் சார்பில் கணக்கு திறந்து பணம் வாங்கவும் கொடுக்கவும் செய்யும் கடைக்காரரே, ஒரு பின் நம்பரைப் போட்டுக் கொடுப்பது பரவலான வழக்கம். 1234, பிறந்த ஆண்டு என்று ஏதாவது இருக்கும். கடையை விட்டு வெளியே வந்தவுடன் மாற்ற வேண்டும். எழுத்து தெரியாதவர்களுக்கு எண்ணைவிடப் பட்டன்களின் இடத்தை விரல் நினைவில் வைப்பது எளிது. நான்கு பட்டன்களை ஒரு கோலத்தின் புள்ளிகளைப் போலப் பழக்கினால் போதும், எழுதி வைக்கத் தேவையில்லை.

பொது ஃபோன் என்றால் ஆபத்து குறுஞ்செய்தியில். பணம் வந்தது, இருப்பு இவ்வளவு என்று திரையில் விழும் செய்தியை யார் முதலில் பார்க்கிறார்கள்? இருப்பைக் காட்டாத செய்தி வடிவம் இருக்கிறதா என்று சேவை நிறுவனத்தைக் கேட்கலாம். இல்லாவிட்டால் அந்த சிம்மை வேலை முடிந்ததும் கழற்றி வைப்பதுதான் வழி. ஆனால் பல மாதங்கள் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் ரத்துசெய்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். ஆகவே மாதம் ஒருமுறையாவது ஒரு சிறிய பரிமாற்றம் செய்வது நல்லது.

ஏடிஎம் கார்டு கொடுத்தால் பெண்கள் அதிகம் சேமிப்பார்களா?

இரண்டு நாடுகள் இரண்டு பதில் சொல்கின்றன, இரண்டும் சரி.

மேற்கு கென்யாவில் பொருளாதார ஆய்வாளர் சிமோன் ஷானர் தம்பதிகளுக்குச் சேமிப்புக் கணக்குகள் திறந்து, சிலருக்கு இலவச ஏடிஎம் கார்டும் கொடுத்தார். கார்டு இருந்தால் பணம் எடுக்கும் கட்டணம் ஏறக்குறைய பாதி. ஆண்களின் கணக்கிலும் கூட்டுக் கணக்கிலும் பயன்பாடு கூடியது. ஆனால் வீட்டில் பேச்சு எடுபடாத பெண்களின் தனிக் கணக்கில் கார்டு வந்த பிறகு பயன்பாடு குறைந்தது. காரணம் எளியது: கிளைக்கு நேரில் போனால் கணக்குக்காரருக்கு மட்டுமே பணம் தருவார்கள், கார்டையும் பின் நம்பரையும் யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். வசதிக்குறைவாகத் தெரிந்த ஒன்று அந்தப் பெண்களுக்குப் பூட்டாக இருந்திருக்கிறது.

மெக்சிகோவில் அரசின் குடும்ப உதவித்தொகை பெண்களின் வங்கிக் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே டெபிட் கார்டு கொடுத்தபோது, பணம் எடுக்கப் போக வேண்டிய இடைநிலைத் தூரம் (பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 4.8 கிலோமீட்டரிலிருந்து 1.3 ஆகக் குறைந்தது. பெண்கள் முதலில் சேமிக்கவில்லை. கார்டைப் போட்டு இருப்பை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்: வங்கி நம் பணத்தில் கை வைக்கிறதா? இல்லை என்று நம்பிக்கை வந்த பிறகு பார்ப்பது குறைந்தது, சேமிப்பு ஏறியது. இந்தச் சரிபார்ப்புக்குக் கட்டணம் வசூலிக்கும் வங்கி, நம்பிக்கை முளைக்கிற இடத்திலேயே வெந்நீர் ஊற்றுகிறது.

ஆகவே எல்லோருக்கும் கார்டு என்றோ யாருக்கும் வேண்டாம் என்றோ முடிவெடுக்காமல், வேண்டாம் என்று சொல்லும் உரிமையைத் தாருங்கள். கைரேகை வைத்தால்தான் எடுக்க முடியும், குறிப்பிட்ட தேதிவரை எடுக்கவே முடியாது என்பது போன்ற கணக்குகளைப் பெண்கள் விரும்பிக் கேட்பதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. வீட்டில் கேட்பவர்களிடம் "வங்கி தராது" என்று சொல்லிவிடலாம்.

கூலியையும் உதவித்தொகையையும் பெண்ணின் கணக்கில் நேரடியாகப் போட்டால் மாற்றம் வருமா?

வரும், ஒரு நிபந்தனையோடு. மத்தியப் பிரதேசத்தின் வடபகுதியில் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. ஊரக வேலை உறுதித் திட்டக் கூலி அதுவரை பெரும்பாலும் ஆணின் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. பெண்ணுக்குத் தனிக் கணக்கு திறந்து, கூலியை அதில் நேரடியாக வரவைத்து, கணக்கை இயக்கக் குறுகிய பயிற்சியும் கொடுத்த ஊர்களில் பெண்கள் அதிகம் வேலைக்குப் போனார்கள். வெறுமனே கணக்கு திறந்ததற்கு அந்தப் பலன் இல்லை. பணம் வரும் குழாயைத் திருப்பியதும், எப்படி எடுப்பது என்று காட்டியதும் சேர்ந்து செய்த வேலை அது.

வங்கதேச ஆடைத் தொழிற்சாலைகளில் சம்பளம் கணக்கில் வரத் தொடங்கியபோதும் இதையே கண்டார்கள். மாதாமாதம் பணம் வந்ததால் தொழிலாளர்கள் தாமே இயக்கப் பழகினர். முகவர்கள் முறைகேடாகக் கேட்ட கூடுதல் கட்டணத்தையும் தவிர்க்கக் கற்றார்கள்.

நிதியறிவுப் பயிற்சி வகுப்புகள்?

வகுப்பறையில் வட்டி விகிதம் பற்றிக் கேட்டது ஒரு மாதத்தில் மறந்துபோகும். ஏடிஎம் முன்னால் நிற்கவைத்து, அவர் கார்டை அவர் கையாலேயே போடச் சொல்லி, சிறு தொகை எடுக்கவைக்கும் இருபது நிமிடம் மறக்காது.

பெண் முகவர்கள் இருந்தால் வித்தியாசம் உண்டா?

உண்டு. காங்கோ ஜனநாயகக் குடியரசில் பரிமாற்றத் தரவுகளை ஆராய்ந்தபோது, பெண் வாடிக்கையாளர்கள் பெண் முகவர்களையே நாடுவது தெரிந்தது. தொகை பெரிதாகும்போது அந்த நாட்டம் கூடியது. ஃபோன் எண்ணை வெளி ஆணிடம் சொல்ல வேண்டிய தயக்கமும், பின்னால் வரும் தொந்தரவு அழைப்புகளும் பற்றிப் பெண்கள் பல நாடுகளில் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

பெண்களை முகவராக்கும் திட்டங்கள் தடுக்கி விழுவது கையிருப்பில். காலையில் மூன்று பேர் பணம் எடுத்தால் கல்லா காலி. நிரப்ப வங்கிக்கு ஓட வேண்டும். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "பணம் இல்லை, நாளைக்கு வாங்க" என்று இரண்டு தடவை சொன்னால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். நியமனத்தோடு நின்றுவிடாமல் சுழல்நிதிக் கடனும், பணத்தைக் கடைக்கே கொண்டுவந்து மாற்றித் தரும் ஏற்பாடும் செய்ய வேண்டும்.

கடன் கிடைப்பதில் என்ன தடை?

ஈடு. வங்கி கேட்பது நிலப் பத்திரம். பத்திரம் இருப்பது ஆண் பெயரில். பெண்களிடம் இருப்பவை நகை, மாடு, தையல் இயந்திரம், கடைச் சரக்கு. அசையும் சொத்தையும் ஈடாகப் பதிவுசெய்யும் பதிவேடு இருந்தால் இவற்றின் பேரிலும் வங்கி முறையாகக் கடன் தர முடியும். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் கானா 2010இல் இதற்கு வழிகாட்டியது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் நிலத்தைப் பதியும் கூட்டுப் பட்டா இன்னொரு வழி.

அடுத்தது கடன் வரலாறு. குழுக் கடனைப் பத்தாண்டு தவறாமல் கட்டியவருக்கும், அது குழுவின் பெயரில் மட்டும் பதிவாகியிருந்தால், தனிக் கடன் கேட்கும்போது வரலாறு வெற்றுத்தாள்தான்.

குழுக் கடனின் வட்டியை எப்படிப் புரிந்துகொள்வது?

"சமநிலை வட்டி" (ஃப்ளாட் ரேட்) என்று சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 12,000 கடன், 12 மாதம், ஆண்டுக்கு 24 சதவீதம் சமநிலை வட்டி என்று வைப்போம். வட்டி 2,880; மாதத் தவணை 1,240. ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ கடைசிவரை முழு 12,000க்கும் போடப்படுகிறது. குறையும் அசலின்மேல் கணக்கிட்டால் உண்மையான விகிதம் ஆண்டுக்கு 41 சதவீதத்தைத் தாண்டும். இதோடு பாதுகாப்பு வைப்பு என்று 1,200ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 10,800தான். விகிதம் இன்னும் ஏறும். கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கைக்கு எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?

சேமிப்புக் குழுக்கள் வங்கிக்கு மாற்றா?

வங்கி வராத இடத்தில் நல்ல மாற்று. வந்த இடத்தில் நல்ல துணை. நைஜர் நாட்டில் 1991இல் கேர் (CARE) என்ற தொண்டு அமைப்பு உருவாக்கிய கிராமச் சேமிப்பு மற்றும் கடன் குழு முறை இன்று பல நாடுகளில் ஓடுகிறது. 15 முதல் 25 பேர். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் ஒன்று முதல் ஐந்து பங்குவரை வாங்கலாம். பங்கின் விலை அந்தச் சுற்று முடியும்வரை மாறாது. பங்குக்கு ஒரு முத்திரை பாஸ்புக்கில் விழும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் எண்ணிப் பார்க்கலாம். பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பேரிடம், பெட்டி நான்காமவர் வீட்டில். கடன், சேமித்த தொகையின் மூன்று மடங்குக்கு மேல் இல்லை. ஏறக்குறைய ஓராண்டு முடிவில் எல்லாவற்றையும் பங்குவாரியாகப் பிரித்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவார்கள்.

சிக்கல் எழுவது பெரும்பாலும் கடைசி இரண்டு மாதங்களில். கடன்கள் திரும்பிவந்து பெட்டி நிரம்பும், ஊருக்கே தெரியும், திருட்டுப் பயம் வரும். அந்த நேரத்துக்கு மட்டும் குழுப் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருப்பது புத்திசாலித்தனம். பங்கு பிரிக்காமல் "தொடர்ந்து ஓடட்டும்" என்று விடும் குழுக்களில் கணக்கு குழம்புவதும் சண்டை வருவதும் வழக்கம்.

பெண் பெயரில் கடன், ஆண் கையில் பணம். இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தியா, இலங்கை, கானா நாடுகளின் தரவுகளை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, பெண்களுக்குத் தந்த கடனும் மானியமும் அவர்கள் தொழிலில் லாபம் தராததுபோலத் தெரிந்ததற்குக் காரணம் காட்டியது: பணம் கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டில் பெண்ணின் தொழில் மட்டுமே இருந்த இடங்களில் லாபம் ஆண்களுடையதற்குக் குறைவில்லை. உகாண்டாவில் பொருளாதார ஆய்வாளர் எம்மா ரைலி நடத்திய சோதனையில், கடனை ரொக்கமாகத் தராமல் பெண்ணின் தனி மொபைல் பணக் கணக்கில் போட்டபோது, எட்டு மாதம் கழித்து அவர் தொழிலின் லாபம் 15 சதவீதம் கூடுதலாக இருந்தது.

கள ஊழியர் கவனிக்கக்கூடிய அறிகுறிகள் சில. தவணைத் தேதியும் தொகையும் பெண்ணுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்வார். எதற்குக் கடன் என்று கேட்டால் "தொழிலுக்கு" என்று ஒற்றைச் சொல் வரும். என்ன சரக்கு, எங்கே கொள்முதல் என்று கேட்டால் பேச்சு நிற்கும். கடன் வந்த அன்றே முழுத் தொகையும் வேறொரு கணக்குக்கு நகர்ந்திருக்கும். இவற்றில் இரண்டு தென்பட்டால், கணவர் இல்லாத நேரத்தில் இன்னொரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். அவர் முன்னிலையில் கேட்டு அம்பலப்படுத்த வேண்டாம். நீங்கள் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது அந்தப் பெண். குடும்பத் தொழிலுக்கே கடன் வேண்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தால் அதில் தவறில்லை. அப்போது பத்திரத்தில் கணவரையும் இணைக் கடனாளியாகச் சேர்த்துவிடுங்கள். தவணை தவறினால் வசூலுக்கு வருபவர் அந்தப் பெண்ணின் வாசலில் மட்டும் நிற்க மாட்டார்.